7. ஷட் டவுன் கொடுத்தும் அணையாத கணினி

ஷட் டவுன் கொடுத்துப் பத்து நிமிடம் ஆகிவிட்டது. திரையில் வட்டம் சுற்றிக்கொண்டே இருக்கிறது. பொறுமை போனதும் பெரும்பாலோர் பவர் பட்டனை அமுக்கிப் பிடிப்பார்கள்; அதற்கும் பொறுமை இல்லாதவர்கள் சுவரில் உள்ள சுவிட்சையே தட்டிவிடுவார்கள். கணினி அணைந்துவிடும், ஆனால் அதோடு தடயமும் போய்விடும். அணையாத கணினியைச் சரிசெய்ய முதலில் தெரிய வேண்டியது, அது எந்தக் கட்டத்தில் நின்றது என்பதுதான். அடுத்த முறை கை வைப்பதற்கு முன் ஒரு நிமிடம் திரையைப் பாருங்கள், மின்விசிறிச் சத்தத்தைக் கேளுங்கள், கேபினெட்டின் முன்பக்க விளக்குகளைக் கவனியுங்கள். அங்கே இரண்டு சிறு விளக்குகள் இருக்கும். ஒன்று பவர் விளக்கு. இன்னொன்று, பெரும்பாலும் சிவப்போ ஆரஞ்சோ, ஹார்ட் டிஸ்க்குக்கு உரியது. இந்த இரண்டாவது விளக்கு விட்டுவிட்டு மினுங்கினால் கணினி இன்னும் ஏதோ எழுதிக்கொண்டிருக்கிறது என்று பொருள். அந்த நேரத்தில் மின்சாரத்தைத் துண்டிக்காதீர்கள்.

கணினியை அணைப்பது ஒரே நொடியில் முடிகிற வேலை அல்ல. திறந்திருக்கும் புரோகிராம்களை மூடச் சொல்லி விண்டோஸ் முதலில் கேட்கும். பிறகு உங்களை லாக் ஆஃப் செய்யும். அதன்பின் பின்னணியில் ஓடும் சர்வீஸ்களை நிறுத்தும். டிஸ்க்கில் எழுத வேண்டிய மிச்சத்தை எழுதி முடிக்கும். பிரிண்டர், வைஃபை, கிராபிக்ஸ் கார்டு என்று ஒவ்வொரு சாதனத்தின் டிரைவரிடமும் “அணைத்துக்கொள்” என்று சொல்லும். எல்லாம் முடிந்த பிறகுதான் மதர்போர்டுக்குத் தகவல் போகும். மின்சாரம் வழங்கும் பெட்டியான எஸ்.எம்.பி.எஸ்.ஸுக்கு மதர்போர்டு சைகை கொடுத்தால்தான் மின்விசிறி நிற்கும்.

இந்தக் கடைசிப் படி ஒரு காலத்தில் மனிதர் கையில் இருந்தது. விண்டோஸ் 95 காலத்துக் கணினிகள் பலவற்றில் ஷட் டவுன் கொடுத்தால், இப்போது நீங்கள் கணினியை அணைக்கலாம் என்று கறுப்புத் திரையில் ஆரஞ்சு எழுத்துகள் வரும். கேபினெட்டில் உள்ள கனமான சுவிட்சை நாமே ‘டக்’ என்று தட்ட வேண்டும். 1995இல் இன்டெல் வெளியிட்ட ஏ.டி.எக்ஸ். வடிவமைப்பு அந்தச் சுவிட்சை வெறும் சைகை கொடுக்கும் பொத்தானாக மாற்றியது. 1996 டிசம்பரில் இன்டெல், மைக்ரோசாஃப்ட், தோஷிபா மூன்றும் சேர்ந்து கொண்டுவந்த ஏ.சி.பி.ஐ. என்ற விதிமுறை, மின்சாரத்தை நிர்வகிக்கும் பொறுப்பை இயங்குதளத்திடம் கொடுத்தது. வசதிதான், ஆனால் தொல்லையும் அப்போதே தொடங்கிவிட்டது. விண்டோஸ் 98 இரண்டாம் பதிப்பில் ஷட் டவுன் கோளாறு அவ்வளவு பரவலாக இருந்ததால், அதைச் சரிசெய்வதற்கென்றே மைக்ரோசாஃப்ட் தனியாக ஓர் இணைப்பு மென்பொருளை வெளியிட வேண்டியிருந்தது.

இந்த அத்தியாயம் விண்டோஸ் 10, 11 இரண்டுக்கும் பொருந்தும். 2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவை மைக்ரோசாஃப்ட் நிறுத்திவிட்டது. ஆனாலும் வீடுகளில் அது இன்னும் ஓடிக்கொண்டுதான் இருக்கிறது.

கோளாறுபோலத் தெரியும் சில

கணினி அணைந்த பிறகும் மவுஸின் அடியில் சிவப்பு வெளிச்சம் தெரிகிறதா? கீபோர்டில் விளக்கு எரிகிறதா? அது கோளாறு அல்ல. சுவிட்ச் போட்டிருக்கும்வரை எஸ்.எம்.பி.எஸ். 5 வோல்ட் மின்சாரத்தை மதர்போர்டுக்குக் கொடுத்துக்கொண்டே இருக்கும். பொத்தானை அழுத்தியதும் கணினி விழித்துக்கொள்வது அதனால்தான்.

பொத்தானை அழுத்தினால் அணைகிறது, மறுபடி தொட்டால் திறந்திருந்த எல்லாமே அப்படியே இருக்கின்றன என்றால், உங்கள் கணினி ஷட் டவுன் ஆகவே இல்லை, தூங்கியிருக்கிறது. கண்ட்ரோல் பேனலில் ‘பவர் ஆப்ஷன்ஸ்’ போய், ‘சூஸ் வாட் த பவர் பட்டன்ஸ் டூ’ என்ற இடத்தில் பார்த்தால் பொத்தானுக்கு ‘ஸ்லீப்’ என்று குறித்திருக்கும். அதை ‘ஷட் டவுன்’ என்று மாற்றினால் முடிந்தது.

அப்டேட் நடக்கும்போது திரையில் சதவீதக் கணக்கு ஓடும். எஸ்.எஸ்.டி. இல்லாத பழைய கணினியில் இது அரை மணி நேரத்துக்கு மேலும் இழுக்கும். டிஸ்க் விளக்கு மினுங்கும்வரை விட்டுவிடுங்கள். ‘அப்டேட் அண்ட் ஷட் டவுன்’ கொடுத்தும் கணினி அணையாமல் மறுபடி லாகின் திரைக்கு வந்து நிற்பது விண்டோஸிலேயே நீண்ட நாளாக இருந்த கோளாறு. விண்டோஸ் 11இல் 2025 அக்டோபர் இறுதியில் வந்த அப்டேட்டில்தான் மைக்ரோசாஃப்ட் அதைத் திருத்தியது. உங்களுக்கு இந்தத் தொல்லை மட்டும்தான் என்றால், அப்டேட்களை முழுதாகப் போட்டுவிட்டுப் பாருங்கள்.

திரையில் பெயர் காட்டி நின்றால்

இதுதான் எளிது. ‘இந்த ஆப் ஷட் டவுனைத் தடுக்கிறது’ என்று நீலத் திரையில் ஒரு பெயர் வரும். வேர்டு, எக்ஸெல், டாலி என்று தெரிந்த பெயராக இருந்தால் ‘கேன்சல்’ கொடுத்துத் திரும்பிப் போய், சேமித்து மூடிவிட்டு வாருங்கள். ‘ஷட் டவுன் எனிவே’ கொடுத்தால் சேமிக்காதது போய்விடும். பிரிண்டரோடு வந்த ஸ்டேட்டஸ் மானிட்டர், செல்போன் இணைக்கும் மென்பொருள் போன்றவை தினமும் இப்படி வழி மறித்தால், டாஸ்க் மேனேஜரில் ‘ஸ்டார்ட்அப்’ பகுதிக்குப் போய் அவற்றை ‘டிசேபிள்’ செய்யுங்கள். பிரிண்டர் அச்சடிக்க ஸ்டேட்டஸ் மானிட்டர் தேவையே இல்லை.

வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தால்

‘ஷட்டிங் டவுன்’ என்ற எழுத்தோடு வட்டம் சுற்றுகிறது என்றால் புரோகிராம்கள் மூடியாயிற்று. சர்வீஸோ டிரைவரோ நிற்க மறுக்கிறது. எது என்று ஊகிக்க வேண்டியதில்லை, விண்டோஸ் எழுதியே வைத்திருக்கும். ஸ்டார்ட் மெனுவில் ‘ஈவன்ட் வியூவர்’ என்று தேடித் திறங்கள். இடப்பக்கத்தில் ‘அப்ளிகேஷன்ஸ் அண்ட் சர்வீசஸ் லாக்ஸ்’, அதற்குள் மைக்ரோசாஃப்ட், அதற்குள் விண்டோஸ், அதற்குள் ‘டயக்னாஸ்டிக்ஸ் பெர்ஃபார்மன்ஸ்’, அதற்குள் ‘ஆபரேஷனல்’. வழி நீளம்தான், ஆனால் அங்கே கிடைப்பது பொன். எண் 200 உள்ள பதிவு, அணைய எவ்வளவு நேரம் ஆயிற்று என்று மில்லிசெகண்டில் சொல்லும். 47213 என்றிருந்தால் 47 விநாடி. அதை ஒட்டி 201, 203 போன்ற எண்களில் பதிவு இருந்தால், தாமதப்படுத்திய புரோகிராம் அல்லது சர்வீஸின் பெயரே அதில் இருக்கும். ஒரே பெயர் நாலைந்து நாள் தொடர்ந்து வந்தால் ஆள் அகப்பட்டுவிட்டது.

அப்படி எதுவும் சிக்காவிட்டால் ‘கிளீன் பூட்’ முறைக்குப் போகலாம். ஸ்டார்ட் மெனுவில் ‘சிஸ்டம் கான்ஃபிகரேஷன்’ திறந்து, ‘சர்வீசஸ்’ பகுதியில் முதலில் ‘ஹைட் ஆல் மைக்ரோசாஃப்ட் சர்வீசஸ்’ என்பதை டிக் செய்யுங்கள். இதை மறந்தால் விண்டோஸின் சொந்த சர்வீஸ்களும் நின்றுபோய்ப் புதுத் தலைவலி வரும். மிச்சம் இருப்பவற்றை மொத்தமாக நிறுத்திவிட்டு ரீஸ்டார்ட் செய்யுங்கள். இப்போது ஒழுங்காக அணைகிறதா? அப்படியானால் நிறுத்தியதில் பாதியைத் திரும்பப் போட்டுப் பாருங்கள். தொல்லை வந்தால் அந்தப் பாதியில், வராவிட்டால் மறுபாதியில். இப்படிப் பாதிபாதியாகப் பிரித்துக்கொண்டே போனால் முப்பது சர்வீஸ் இருந்தாலும் ஐந்தாறு ரீஸ்டார்ட்டில் குற்றவாளியைப் பிடித்துவிடலாம். இரண்டு ஆன்டிவைரஸ் ஒன்றாக ஓடும் வீடுகளில் இந்தச் சோதனையே வேண்டாம். ஒன்றை அகற்றிவிட்டுப் பிறகு பாருங்கள்.

யூடியூபில் வேறு ஒரு வைத்தியம் உலவுகிறது: ரெஜிஸ்ட்ரியில் சர்வீஸ்களுக்குத் தரும் அவகாசத்தை 5000 மில்லிசெகண்டிலிருந்து 2000க்குக் குறைத்துவிடு என்று. வேண்டாம். நிற்காத சர்வீஸை அது சரிசெய்வதில்லை, கழுத்தைப் பிடித்துத் தள்ளுகிறது. அந்த நேரத்தில் அது கோப்பு எதையாவது எழுதிக்கொண்டிருந்தால் நஷ்டம் உங்களுக்கு.

பழைய ஹார்ட் டிஸ்க் தேய்ந்துபோயிருந்தாலும் இதே இடத்தில்தான் கணினி நிற்கும். பகல் முழுக்கக் கணினி மந்தமாக இருக்கிறது, கோப்பு திறக்க நேரமாகிறது, ‘கடக் கடக்’ என்று சத்தம் வருகிறது என்றால், ஷட் டவுனை மறந்துவிட்டு முதலில் புகைப்படங்களையும் ஆவணங்களையும் வேறு இடத்துக்கு நகல் எடுங்கள்.

ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்

வீட்டுக் கணினிகளில் அணைப்புத் தொல்லைக்கு என்னுடைய முதல் சந்தேகம் எப்போதும் இதன்மேல்தான். 2012இல் விண்டோஸ் 8இல் வந்த வசதி இது. இது இயங்கும் கணினியில் நீங்கள் ஷட் டவுன் கொடுத்தால், உங்கள் புரோகிராம்கள் மூடப்படும், ஆனால் விண்டோஸின் உள் மையமும் டிரைவர்களும் இருந்த நிலை அப்படியே டிஸ்க்கில் ஒரு கோப்பாகப் பதிவாகிவிடும். மறுநாள் காலை அந்தக் கோப்பைப் படித்து எழுந்துகொள்ளும். அதாவது, தினமும் ராத்திரி அணைக்கிறோம் என்று நாம் நினைத்துக்கொண்டிருக்கும் கணினி, உண்மையில் வாரக்கணக்கில் அணையாமலே இருக்கலாம்.

இதைக் கண்ணால் பார்க்கலாம். டாஸ்க் மேனேஜரைத் திறந்து ‘பெர்ஃபார்மன்ஸ்’ பகுதியில் சி.பி.யு.வைத் தேர்ந்தெடுங்கள். கீழே ‘அப் டைம்’ என்று ஓர் எண்வரிசை ஓடிக்கொண்டிருக்கும். முதல் எண் நாட்கள், பிறகு மணி, நிமிடம், விநாடி. இன்று காலைதான் போட்ட கணினியில் அது 23 நாள் என்று காட்டினால் திகைக்க வேண்டாம், ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் இயங்குகிறது, அவ்வளவுதான். ரீஸ்டார்ட் கொடுத்தால் அந்த எண் சைபருக்குத் திரும்பும். ஏனென்றால் ரீஸ்டார்ட் எப்போதும் முழுதாக அணைத்துத்தான் தொடங்கும்.

இதனால் என்ன தொல்லை? ஒரு டிரைவர் உள்ளுக்குள் கோணலாகிவிட்டால் அந்தக் கோணலும் சேர்ந்து பதிவாகி, மறுநாள் சேர்ந்தே எழும். சில சாதனங்களின் டிரைவர்களுக்கு இந்த அரைத்தூக்கம் ஒத்துக்கொள்வதில்லை. திரை கறுத்த பிறகும் கணினி ஓடிக்கொண்டே இருக்கும். ஆகவே கேட்க வேண்டிய கேள்வி இது: ரீஸ்டார்ட் ஒழுங்காக நடக்கிறதா? ரீஸ்டார்ட் நடந்து, ஷட் டவுன் மட்டும் தகராறு செய்தால் பெரும்பாலும் இதுதான் காரணம். உறுதிசெய்ய, ஷிஃப்ட் விசையை அமுக்கிக்கொண்டே மவுஸால் ஷட் டவுன் கொடுங்கள். அந்த ஒரு முறை மட்டும் கணினி முழுதாக அணையும். அப்போது மட்டும் சரியாக அணைந்தால் சந்தேகமே இல்லை.

நிரந்தரமாக நிறுத்த, முன்பு சொன்ன பவர் பட்டன் பக்கத்துக்கே போங்கள். மேலே ‘சேஞ்ச் செட்டிங்ஸ் தட் ஆர் கரன்ட்லி அனவெய்லபிள்’ என்று நீல நிறத்தில் ஒரு வரி இருக்கும். அதைச் சொடுக்கினால்தான் கீழே மங்கிக் கிடக்கும் கட்டங்கள் உயிர்பெறும். ‘டர்ன் ஆன் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்’ என்பதில் உள்ள டிக்கை எடுத்துவிட்டுச் சேமியுங்கள். எஸ்.எஸ்.டி. உள்ள கணினியில் இதனால் காலையில் சில விநாடிதான் கூடும். ஒரே கணினியில் விண்டோஸும் லினக்ஸும் வைத்திருப்பவர்கள் கட்டாயம் நிறுத்த வேண்டும்; இல்லாவிட்டால் விண்டோஸ் பகுதியை லினக்ஸில் திறந்து எழுத முடியாமல் மல்லுக்கட்ட வேண்டிவரும்.

திரை கறுத்துவிட்டது, மின்விசிறி நிற்கவில்லை

விண்டோஸ் தன் வேலையை ஏறக்குறைய முடித்துவிட்டது, கடைசிச் சைகைதான் போய்ச் சேரவில்லை. டிஸ்க் விளக்கு இரண்டு நிமிடத்துக்கு மினுங்கவே இல்லை என்றால் பவர் பட்டனை அமுக்கிப் பிடிக்கலாம். நாலு விநாடிக்கு மேல் பிடித்தால் மதர்போர்டே மின்சாரத்தை நிறுத்திவிடும். சில லேப்டாப்களில் பத்து விநாடிவரை ஆகும். எப்போதோ ஒரு நாள் இப்படிச் செய்தால் பெரிய கேடு வராது. தினசரி வழக்கமாக்கினால் என்றைக்காவது ஒரு கோப்பு சேதமாகும்.

ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்பை நிறுத்தியும் இது நீடித்தால், கீபோர்டு, மவுஸ் தவிர யூ.எஸ்.பி.யில் செருகியிருக்கும் அத்தனையையும் பிடுங்கிவிட்டு அணைத்துப் பாருங்கள். பென் டிரைவ், வெப்கேம், வைஃபை டாங்கிள், பிரிண்டர், யூ.பி.எஸ்.ஸிலிருந்து வரும் கேபிள், எல்லாமே. அப்போது அணைந்தால் ஒவ்வொன்றாகச் செருகிக்கொண்டே வந்தால் போதும்.

அடுத்தது டிரைவர். இன்டெல் பிராசஸர் உள்ள லேப்டாப்களில் ‘மேனேஜ்மென்ட் எஞ்சின் இன்டர்ஃபேஸ்’ என்ற டிரைவர் இந்த விஷயத்தில் பழைய புள்ளி. டிவைஸ் மேனேஜரில் ‘சிஸ்டம் டிவைசஸ்’ என்பதன் கீழ் இருக்கும். அதன் ‘ப்ராப்பர்ட்டீஸ்’ திறந்து, ‘பவர் மேனேஜ்மென்ட்’ பகுதி இருந்தால், மின்சாரத்தைச் சேமிக்க இந்தச் சாதனத்தை அணைக்கக் கணினிக்கு அனுமதி தரும் டிக்கை எடுத்துவிட்டுச் சோதியுங்கள். அதற்கும் மசியாவிட்டால் உங்கள் லேப்டாப் கம்பெனியின் இணையதளத்தில், உங்கள் மாடல் எண்ணைக் கொடுத்து, அவர்கள் தரும் சிப்செட் டிரைவரையும் இந்த டிரைவரையும் போடுங்கள். ‘எல்லா டிரைவரையும் ஒரே சொடுக்கில் புதுப்பிக்கிறேன்’ என்று வரும் இலவச மென்பொருள்கள் பக்கம் போகவே போகாதீர்கள். பொருந்தாத டிரைவரைத் திணித்துவிட்டுப் போவது அவற்றின் வழக்கம்.

இன்னும் அணையவில்லையா? இப்போது குற்றம் விண்டோஸிலா, வன்பொருளிலா என்று பிரித்துப் பார்க்கும் நேரம். உபுண்டு லினக்ஸை ஒரு பென் டிரைவில் ஏற்றி, டிஸ்க்கில் எதையும் நிறுவாமல் ‘ட்ரை’ முறையில் ஓட்டி, அங்கிருந்து ஷட் டவுன் கொடுங்கள். லினக்ஸில் ஒழுங்காக அணைந்தால் மதர்போர்டும் எஸ்.எம்.பி.எஸ்.ஸும் பெரும்பாலும் நலம். விண்டோஸ் பக்கம்தான் பிழை. லினக்ஸிலும் அணையாவிட்டால் மதர்போர்டின் அமைப்புப் பகுதியான பயாஸில் ‘லோட் ஆப்டிமைஸ்டு டிஃபால்ட்ஸ்’ கொடுத்துப் பாருங்கள். பயாஸ் அப்டேட் இருந்தால் போடலாம், ஆனால் யூ.பி.எஸ். இல்லாமல் அதில் இறங்க வேண்டாம். பாதியில் கரன்ட் போனால் அணையாத கணினி, எழாத கணினி ஆகிவிடும்.

அணைந்த கையோடு மறுபடி எழுந்தால்

சில சமயம் அணைக்கும் கடைசித் தருணத்தில் விண்டோஸ் நிலைகுலைந்து, பிழை காட்டும் நீலத்திரை வரும். நீலத்திரை வந்தால் தானாக ரீஸ்டார்ட் ஆகு என்று அமைப்பில் சொல்லியிருப்பதால், நமக்கு நீலத்திரை கண்ணில் படாமலே ‘அணைத்தேன், தானாக எழுந்துவிட்டது’ என்று தோன்றும். ‘வியூ அட்வான்ஸ்டு சிஸ்டம் செட்டிங்ஸ்’ என்று தேடித் திறந்து, ‘ஸ்டார்ட்அப் அண்ட் ரெகவரி’ பெட்டியில் ‘ஆட்டோமேட்டிகலி ரீஸ்டார்ட்’ டிக்கை எடுங்கள். அடுத்த முறை நீலத்திரை நிலைத்து நிற்கும், பிழையின் பெயரைப் படிக்கலாம். ஈவன்ட் வியூவரில் ‘சிஸ்டம்’ பதிவேட்டிலும் இது தெரியும். ‘கர்னல் பவர்’ 41 என்ற பதிவைத் திறந்து ‘டீட்டெய்ல்ஸ்’ பகுதியில் ‘பக்செக் கோட்’ என்ன எண் காட்டுகிறது என்று பாருங்கள். சைபர் என்றால் பெரும்பாலும் கரன்ட் போனது, அல்லது பட்டனைப் பிடித்து அணைத்தது. 159 என்றால் ஒரு டிரைவர் அணைய மறுத்திருக்கிறது. பெரும்பாலும் வைஃபை, கிராபிக்ஸ், யூ.எஸ்.பி. இந்த மூன்றில் ஒன்று.

ஒரு மணி நேரம் கழித்தோ நடுராத்திரியிலோ எழுந்தால் கதை வேறு. கரன்ட் போய் வந்த பிறகுதான் எழுகிறதா என்று கவனியுங்கள். பயாஸில் ‘ரீஸ்டோர் ஆன் ஏ.சி. பவர் லாஸ்’ என்றோ அதை ஒத்த பெயரிலோ ஓர் அமைப்பு இருக்கும். அது ‘பவர் ஆன்’ என்றிருந்தால், மின்சாரம் திரும்பும்போதெல்லாம் கணினி எழும். ‘பவர் ஆஃப்’ என்று மாற்றுங்கள். மாற்றியது நிலைக்காமல் தேதியும் நேரமும் அடிக்கடி தவறினால், மதர்போர்டில் உள்ள சி.ஆர். 2032 பேட்டரி தீர்ந்துவிட்டது. கைக்கடிகாரக் கடையிலேயே கிடைக்கும். நெட்வொர்க் வழியாகவோ, கீபோர்டு விசை தொட்டதாலோ எழுப்பும் அமைப்புகளும் பயாஸில் உண்டு. வீட்டில் அவை தேவைப்படுவது அபூர்வம், நிறுத்திவிடலாம்.

பலரும் சந்தேகப்படாத ஒன்று கேபினெட்டின் பவர் பட்டன். வருடக்கணக்கில் தூசி படிந்து உள்ளேயே சிக்கிக்கொண்டால், யாரோ விரலை எடுக்காமல் வைத்திருப்பதாகவே மதர்போர்டு நினைக்கும்: அணையும், உடனே எழும், நாலு விநாடியில் மறுபடி அணையும். பட்டனைத் தட்டிப் பாருங்கள், ‘கிளிக்’ என்று மேலே வருகிறதா என்று.

கடைக்குக் கொண்டுபோகும் முன்

“ஓ.எஸ். கரப்ட் ஆயிடுச்சு சார், ஃபார்மட் போட்டாதான் சரியாகும்” என்று பல கடைகளில் பார்த்த மாத்திரத்தில் சொல்லிவிடுவார்கள். அவர்களுக்கு அது ஒரு மணி நேர வேலை, உங்களுக்கு ஒரு வார வேலை. லினக்ஸ் பென் டிரைவிலும் அணையவில்லை என்றால் ஃபார்மட் போட்டுப் பயனில்லை, அதைச் சொல்லிவிடுங்கள். லினக்ஸில் அணைகிறது, விண்டோஸில் மேலே சொன்ன எதற்கும் மசியவில்லை என்றால், ஃபார்மட்டுக்கு முன் ‘ரீசெட் திஸ் பிசி’யில் கோப்புகளை வைத்துக்கொள்ளும் வழியைக் கேளுங்கள், நிறுவிய புரோகிராம்கள் போகும், உங்கள் கோப்புகள் இருக்கும். எப்படியும் நகல் எடுத்து வைத்துவிட்டே கணினியைக் கொடுங்கள். எஸ்.எம்.பி.எஸ். போய்விட்டது என்று சொன்னால், பணம் கொடுக்கும் முன் கடையில் இருக்கும் வேறொன்றை மாட்டி, உங்கள் கண்ணெதிரே நாலைந்து முறை ஷட் டவுன் கொடுத்துக் காட்டச் சொல்லுங்கள். அதிலும் அணையாவிட்டால் மதர்போர்டுதான். கணினி எட்டு, பத்து வருடப் பழசாக இருந்தால் அதற்குச் செலவழிப்பதைவிட, ஷட் டவுன் கொடுத்து டிஸ்க் விளக்கு அடங்கியதும் பட்டனைப் பிடித்து அணைத்துக்கொண்டே மிச்ச காலத்தை ஓட்டலாம்.